அப்பா கடன் வாங்கும் முன்

கேள்வி: வணக்கம் மேடம். நான் தண்டையார்பேட்டையில் இருக்கிறேன். அரசு உதவி பெறும் கல்லூரி ஒன்றின் சுயநிதிப் பிரிவில் பி.காம். இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். ஒரு செமஸ்டருக்கு 21,000 ரூபாய் கட்டணம். அப்பா ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். அம்மா புரசைவாக்கத்தில் இரண்டு வீடுகளில் சமையல் வேலை செய்கிறார். தம்பி மாநகராட்சிப் பள்ளியில் பிளஸ் டூ படிக்கிறான். நானும் ஆறாம் வகுப்பிலிருந்து அதே பள்ளிதான். இதுவரை அம்மாவின் நகையை அடகு வைத்துத்தான் கட்டணம் கட்டினோம். இனி வைக்க எதுவும் இல்லை. அடுத்த மாதம் நான்காம் செமஸ்டர் கட்டணம் கட்ட வேண்டும். தெரிந்தவர் ஒருவரிடம் மூன்று ரூபாய் வட்டிக்கு 60,000 ரூபாய் வாங்கி, படிப்பு முடியும்வரை உள்ள கட்டணத்தை மொத்தமாக எடுத்து வைத்துவிடலாம் என்கிறார் அப்பா. எனக்குப் பயமாக இருக்கிறது. யூடியூபில் பார்த்து 14 உதவித்தொகைகளுக்கு விண்ணப்பித்தேன். ஒன்றிலிருந்தும் பதில் இல்லை. ஒரு இடத்தில் பதிவுக் கட்டணம் என்று 499 ரூபாய்கூட கட்டினேன். முதல் ஆண்டில் சேரும்போதே விண்ணப்பித்திருக்க வேண்டும், இப்போது எதுவும் கிடைக்காது என்று தோழிகள் சொல்கிறார்கள். புதுமைப் பெண் பணமும் எனக்கு வருவதில்லை, வகுப்பில் மற்றவர்களுக்கு வருகிறது. முதல் ஆண்டில் 71 சதவீதம் எடுத்திருக்கிறேன். கடன் இல்லாமல் படிப்பை முடிக்க வழி இருக்கிறதா?

பதில்:

அன்புள்ள மாணவிக்கு,

வழி இருக்கிறது. முதலில் உங்கள் வீட்டு பீரோவைத் திறந்து பாருங்கள். அப்பாவின் ஓட்டுநர் பேட்ஜ், அம்மாவின் தொழிலாளர் நல வாரிய அட்டை ஏதாவது இருந்தால் அது, சாதிச் சான்றிதழ், உங்கள் பள்ளி மாற்றுச் சான்றிதழ், வங்கிப் புத்தகம், ஆதார். இவற்றை ஒரு ஃபைலில் போட்டு வைத்துக்கொண்டு மேலே படியுங்கள். நான் வணிகவியல் ஆசிரியராக இருந்த காலத்தில் கடைசிப் பதினொரு வருடம் உதவித்தொகைப் பிரிவுக்கும் பொறுப்பாக இருந்தேன். அந்த அறையில் நான் பார்த்தது இதுதான்: போட்டி போட்டு ஜெயிக்க வேண்டிய உதவித்தொகைகளைத் தேடி மாணவர்கள் ராத்திரி பகலாக ஃபோனில் உட்கார்ந்திருப்பார்கள். போட்டியே இல்லாமல் அவர்களுக்கு உரிமையாக வர வேண்டிய பணத்தைக் கேட்கவே மாட்டார்கள். உங்கள் கடிதத்திலும் அதைத்தான் பார்க்கிறேன்.

அதற்கு முன் அப்பாவின் கணக்கைப் பேசிவிடலாம், ஏனென்றால் அதுதான் அவசரம். மூன்று ரூபாய் வட்டி என்றால் 60,000 ரூபாய்க்கு மாதம் 1,800 ரூபாய். படிப்பு முடிய இன்னும் ஒன்றரை வருடம். அதற்குள் வட்டி மட்டும் 32,400 ரூபாய் போயிருக்கும், அசல் அப்படியே நிற்கும். அடுத்த மாதம் தேவைப்படுவது 21,000 தான். ஐந்தாம் செமஸ்டர், ஆறாம் செமஸ்டர் கட்டணத்துக்கு இன்றைக்கே கடன் வாங்கி வீட்டில் வைத்துக்கொண்டு அதற்கும் வட்டி கட்டுவது எந்த வகையிலும் சரியில்லை. அப்பா பொறுப்பாகத்தான் யோசிக்கிறார், நடுவில் படிப்பு நின்றுவிடக் கூடாதே என்கிற பயம் அவருக்கு. அந்தப் பயத்தை மதியுங்கள். ஆனால் பேப்பரில் இந்தக் கணக்கை எழுதி அவரிடம் காட்டுங்கள். "இப்போதைக்கு ஒரு செமஸ்டரை மட்டும் பார்ப்போம்பா" என்று சொன்னால் கேட்பார் என்றே நினைக்கிறேன்.

அந்த 21,000 ரூபாய்க்கும் முதலில் பணத்தைத் தேடாதீர்கள், கால அவகாசத்தைத் தேடுங்கள். உதவித்தொகை எதுவாக இருந்தாலும் விண்ணப்பித்தவுடன் வராது. பல மாதம் கழித்துத்தான் கணக்கில் ஏறும். கட்டணமோ அடுத்த மாதம் கட்ட வேண்டியது. இந்த இடைவெளியில்தான் வட சென்னையில் எத்தனையோ குடும்பங்கள் தண்டல்காரரிடம் போய் நிற்கின்றன. அந்த இடைவெளியைக் கல்லூரியே கொடுக்கலாம். துறைத் தலைவரைப் பார்த்து விஷயத்தைச் சொல்லி, அவர் கையெழுத்துடன் முதல்வருக்கு ஒரு கடிதம் கொடுங்கள். பெரிதாக எழுத வேண்டாம். இவ்வளவு போதும்:

"நான் பி.காம். இரண்டாம் ஆண்டு மாணவி. முதல் ஆண்டில் 71 சதவீத மதிப்பெண் பெற்றுள்ளேன். தந்தை ஷேர் ஆட்டோ ஓட்டுநர், தாய் வீட்டு வேலை செய்பவர். இதுவரை எல்லாக் கட்டணத்தையும் நிலுவையின்றிச் செலுத்தியுள்ளேன். நான்காம் செமஸ்டர் கட்டணமான 21,000 ரூபாயை மூன்று தவணைகளாகச் செலுத்த அனுமதி கோருகிறேன். முதல் தவணை 7,000 ரூபாயை இந்தத் தேதியில் செலுத்துகிறேன். அரசு உதவித்தொகைக்கும் விண்ணப்பித்து வருகிறேன். கல்லூரி வழியாக அறக்கட்டளை உதவி ஏதேனும் இருந்தால் அதற்கும் என்னைப் பரிசீலிக்க வேண்டுகிறேன்."

இதில் மூன்று விஷயம் முக்கியம். நிலுவை இல்லாமல் கட்டியிருக்கிறீர்கள் என்பது, முதல் தவணைக்குத் தேதி சொல்லியிருப்பது, கடைசி வரி. தேதி சொல்லாத கடிதத்தை அலுவலகம் ஓரமாக வைத்துவிடும். தேதியும் தொகையும் இருந்தால் அதில் கையெழுத்துப் போடுவது முதல்வருக்குச் சுலபம். நகல் ஒன்றில் அலுவலக முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.

அந்தக் கடைசி வரியைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும். உதவி பெறும் பழைய கல்லூரிகளில் யாரோ ஒரு ஓய்வுபெற்ற ஆசிரியர், பழைய மாணவர், வியாபாரி, தன் தாயார் பேரிலோ மகன் பேரிலோ வங்கியில் ஒரு தொகையைப் போட்டு வைத்திருப்பார். அதன் வட்டியை வருடாவருடம் ஒரு மாணவருக்குக் கொடுக்க வேண்டும் என்று எழுதியிருப்பார். இதை எண்டோமென்ட் என்பார்கள். 2,000 ரூபாய் இருக்கும், 5,000 ரூபாய் இருக்கும். அறிவிப்புப் பலகையில் ஒரு வாரம் தொங்கும், அப்புறம் கிழிந்துவிடும். நான் பொறுப்பேற்ற முதல் வருடம் பழைய கோப்புகளைப் புரட்டியபோது, விண்ணப்பிக்க ஆள் இல்லாமலேயே சில வருடம் சும்மா கிடந்த எண்டோமென்ட்கள் இருந்ததைப் பார்த்தேன். அதே வருடங்களில் கட்டணம் கட்ட முடியாமல் டி.சி. வாங்கிப் போன பிள்ளைகளும் இருந்தார்கள். இன்றைக்கும் அதை நினைத்தால் மனசு கஷ்டப்படுகிறது. ஆகவே அலுவலகத்தில் போய் "ஸ்காலர்ஷிப் இருக்கா?" என்று மட்டும் கேட்காதீர்கள். "எண்டோமென்ட் பட்டியலைப் பார்க்கலாமா, வணிகவியல் துறைக்கு எது, பெண்களுக்கு எது, பெற்றோர் ஆசிரியர் கழக நிதி உண்டா, முன்னாள் மாணவர் சங்கம் யாருக்காவது கட்டணம் கட்டுகிறதா?" என்று பிரித்துக் கேளுங்கள். பொதுவாகக் கேட்டால் பொதுவான பதில்தான் வரும்.

சரி, இப்போது உங்கள் உரிமைப் பணம்.

புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பர் 5 அன்று தொடங்கியது. அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்த மாணவிக்கு, பட்டமோ பட்டயமோ படித்து முடிக்கும்வரை மாதம் 1,000 ரூபாய். மாநகராட்சிப் பள்ளியும் அரசுப் பள்ளிக் கணக்குத்தான். பெற்றோர் வருமானம் பார்ப்பதில்லை, சுயநிதிப் பிரிவு என்பதும் தடையில்லை. வேறு உதவித்தொகை வாங்கினாலும் இதையும் வாங்கலாம். வருடத்துக்கு 12,000 ரூபாய், அதாவது ஒரு செமஸ்டர் கட்டணத்தில் பாதிக்கு மேல். இது உங்களுக்கு வராமல் இருப்பதற்கு இரண்டு காரணங்களில் ஒன்றுதான் பெரும்பாலும் இருக்கும்.

ஒன்று, கல்லூரியில் உங்கள் பதிவு முழுமையாகவில்லை. பள்ளியில் உங்களுக்கு எமிஸ் எண் என்ற மாணவர் பதிவு எண் இருந்தது. கல்லூரியில் அதே மாதிரி யூமிஸ் எண் கொடுத்திருப்பார்கள். இரண்டும் சரியாகப் பொருந்த வேண்டும். ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்ததற்கான விவரத்தில் ஒரு வகுப்பு விடுபட்டிருந்தாலும் விண்ணப்பம் நின்றுவிடும். கல்லூரியில் இதற்கென்று ஒரு பொறுப்பு ஆசிரியர் இருப்பார். அவரிடம் போய், கணினியில் உங்கள் பக்கத்தைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். உங்கள் பெயர் பள்ளிச் சான்றிதழிலும் ஆதாரிலும் ஒரே மாதிரி இருக்கிறதா, இனிஷியல் முன்னால் ஒன்றில், பின்னால் ஒன்றில் என்று மாறியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

இரண்டாவது காரணம் இன்னும் சகஜம், ஆனால் யாருக்கும் விளங்குவதில்லை. "என் வங்கிக் கணக்கில் ஆதார் இணைச்சிருக்கேன் மேடம்" என்று எல்லாப் பிள்ளைகளும் சொல்வார்கள். கணக்குத் தொடங்கும்போது ஆதார் நகல் கொடுப்பது வேறு. அரசுப் பணம் எந்தக் கணக்குக்குப் போக வேண்டும் என்று என்.பி.சி.ஐ. என்கிற அமைப்பில் பதிவாவது வேறு. இதைத்தான் ஆதார் சீடிங் என்பார்கள். ஒரு ஆதாருக்கு ஒரு நேரத்தில் ஒரு வங்கிதான் அங்கே பதிவாக முடியும், கடைசியாக எதைப் பதிந்தீர்களோ அதுவே நிற்கும். கல்லூரி முகாமில் ஒரு வங்கியில் கணக்குத் திறந்திருப்பீர்கள். அப்புறம் சிம் கார்டு வாங்கும்போதோ, ஏதோ ஒரு செயலியிலோ, தெரியாமல் ஒரு பேமென்ட்ஸ் வங்கிக் கணக்குக்குச் சம்மதம் கொடுத்திருப்பீர்கள். பணம் அங்கே போய்க் கேட்பாரின்றிக் கிடக்கும். மை ஆதார் தளத்தில் உங்கள் ஆதார் எண்ணைப் போட்டு, ஃபோனுக்கு வரும் ஓ.டி.பி.யைக் கொடுத்து, பேங்க் சீடிங் ஸ்டேட்டஸ் என்ற இடத்தைத் திறந்தால் எந்த வங்கி என்று அதுவே காட்டும். இரண்டு நிமிட வேலை. வேறு வங்கி காட்டினால், உங்கள் வங்கிக் கிளைக்கு நேரில் போய் சீடிங் படிவம் எழுதிக் கொடுங்கள். எதுவுமே காட்டவில்லை என்றாலும் அதே படிவம்தான். இதைச் சரிசெய்யாமல் வேறு எந்த அரசு உதவித்தொகைக்கு விண்ணப்பித்தாலும் அதே கதைதான் நடக்கும். அதனால் இதை இந்த வாரமே முடித்துவிடுங்கள்.

அடுத்தது வகுப்பு வாரியான உதவித்தொகை. நீங்கள் என்ன வகுப்பு என்று எழுதவில்லை, எனக்கு எழுதவும் வேண்டியதில்லை. ஆதிதிராவிடர், பழங்குடியினர், கிறிஸ்தவ மதம் மாறிய ஆதிதிராவிடர் என்றால், பெற்றோரின் ஆண்டு வருமானம் 2.5 லட்சத்துக்குள் இருக்கும் மாணவருக்கு போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை உண்டு. தனியார் கல்லூரியில் படித்தாலும் உண்டு. முதல் ஆண்டில் விண்ணப்பிக்காவிட்டால் அவ்வளவுதான் என்று நினைத்து விட்டுவிடாதீர்கள், இந்த ஆண்டுக்குப் புதிதாக விண்ணப்பிக்கலாம். கட்டணத்தோடு, பி.காம். போன்ற பட்டப்படிப்பில் வீட்டிலிருந்து போய்வரும் ஆதிதிராவிட மாணவிக்கு வருடத்துக்கு 3,000 ரூபாய் பராமரிப்புப் படியும் இதில் சேரும். ஆதிதிராவிட மாணவருக்கு இதில் மத்திய அரசின் 60 சதவீதப் பங்கு நேராக மாணவர் கணக்குக்கே வருகிறது. அதில் உள்ள கட்டணத் தொகையைக் கல்லூரியில் கட்டிவிட வேண்டும். வீட்டுச் செலவுக்கு எடுத்துவிட்டு அப்புறம் தேர்வு நேரத்தில் தவித்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

பிற்படுத்தப்பட்டோர், மிகப் பிற்படுத்தப்பட்டோர், சீர்மரபினர் என்றால், மூன்றாண்டுப் பட்டப்படிப்புக்கான இலவசக் கல்வித் திட்டம் அரசுக் கல்லூரிக்கும், அரசு உதவி பெறும் பாடப்பிரிவுக்கும் உரியது. நீங்கள் சுயநிதிப் பிரிவு என்பதால் அதை நம்பிக் கணக்குப் போட வேண்டாம். அதற்குப் பதிலாக, உங்கள் கல்லூரியிலேயே உதவி பெறும் பிரிவில் பி.காம். இருக்கிறதா, அதில் யாராவது விட்டுப்போய் இடம் காலியாகியிருக்கிறதா, மூன்றாம் ஆண்டுக்கு மாற்றிக்கொள்ள முடியுமா என்று முதல்வரிடம் கேளுங்கள். பல்கலைக்கழக அனுமதி வேண்டியிருக்கும், எல்லாருக்கும் நடப்பதில்லை. நடந்தால் கட்டணமே மிகச் சிறிய தொகையாகிவிடும். கேட்டதால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

இதற்கெல்லாம் வருமானச் சான்றிதழ் வேண்டும். இ-சேவை மையத்தில் 60 ரூபாய் கட்டணம். ஒரு வருடம்தான் செல்லும். போன வருடம் வாங்கியதை இந்த வருடம் ஏற்றிவிட்டு, நிராகரிக்கப்பட்டதுகூடத் தெரியாமல் காத்திருந்த பிள்ளைகள் ஏராளம். அப்பா, அம்மா இருவரின் வருமானத்தையும் சேர்த்து உள்ளபடி எழுதுங்கள். கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் என்று ஒவ்வொரு மேசையாகத்தான் விண்ணப்பம் நகரும். இரண்டு வாரம் ஆகியும் அசையவில்லை என்றால் உங்கள் தாலுகா அலுவலகத்தில் போய் விண்ணப்ப எண்ணைச் சொல்லிக் கேளுங்கள். மாணவி நேரில் வந்து பணிவாகக் கேட்டால் வேலை நடக்கும், அதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். கல்லூரி மட்டத்தில் எதுவும் நகரவில்லை என்றால் ராஜாஜி சாலையில் பீச் ஸ்டேஷன் பக்கம் இருக்கும் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில், சிங்காரவேலர் மாளிகையில், உங்கள் வகுப்புக்குரிய நல அலுவலகத்துக்குப் போங்கள். தண்டையார்பேட்டையிலிருந்து ஒரு பஸ் தூரம். போகும்போது யூமிஸ் எண், விண்ணப்ப எண், வங்கிப் புத்தக நகல் மூன்றும் கையில் இருக்கட்டும்.

இனி அப்பாவின் பேட்ஜுக்கு வருவோம். உங்கள் கடிதத்தைப் படித்தபோது என் மனதில் முதலில் வந்தது இதுதான். தமிழ்நாட்டில் அமைப்புசாராத் தொழிலாளர்களுக்கு நல வாரியங்கள் இருக்கின்றன. ஓட்டுநர்களுக்குத் தனி வாரியம், வீட்டுப் பணியாளர்களுக்குத் தனி வாரியம், கட்டுமானத் தொழிலாளர்களுக்குத் தனி வாரியம். 18 முதல் 60 வயதுக்குள் இருப்பவர் பதிவு செய்துகொள்ளலாம். பதிவு இலவசம். பதிவு பெற்றவரின் பிள்ளைகள் பட்டப்படிப்பு படித்தால் ஒவ்வொரு கல்வியாண்டும் கல்வி உதவித்தொகை தருகிறார்கள். அப்பாவோ அம்மாவோ ஒருவர் உறுப்பினராக இருந்தால் போதும். பெரிய தொகை இல்லை. ஆனால் மதிப்பெண் போட்டி இல்லை, கட்டுரை எழுத வேண்டியதில்லை, நேர்காணல் இல்லை. அப்பாவின் ஸ்டாண்டில் சங்கம் இருக்கும். அந்தச் சங்கத்துக்காரர்களில் யாராவது ஒருவருக்கு இந்த வேலை முழுக்கத் தெரிந்திருக்கும். அப்பா ஏற்கெனவே பதிந்திருந்தால் அட்டையின் தேதியைப் பாருங்கள், ஐந்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். காலாவதியான அட்டையை வைத்துக்கொண்டு விண்ணப்பித்தால் வராது. பதியவே இல்லை என்றால் இப்போதே பதியச் சொல்லுங்கள், இணையத்திலேயே செய்யலாம். சந்தேகம் வந்தால் தொழிலாளர் உதவி ஆணையர் சமூகப் பாதுகாப்புத் திட்ட அலுவலகத்தில் கேட்கலாம். உங்களுக்கு மூன்றாம் ஆண்டுக்கு உதவும், தம்பிக்கு இன்னும் நிறைய வருடம் உதவும்.

இதைப் படிக்கும் மற்ற வீடுகளுக்கும் ஒரு வார்த்தை. காசிமேட்டில் கடலுக்குப் போகும் அப்பாவாக இருந்தால் மீனவர் நல வாரியம் இருக்கிறது. பீடி சுற்றும் அம்மாவாக இருந்தால் மத்தியத் தொழிலாளர் அமைச்சகத்தின் உதவித்தொகை தேசிய உதவித்தொகைத் தளத்தில் இருக்கிறது. கடையிலோ கம்பெனியிலோ சம்பளத்துக்கு வேலை பார்ப்பவர் என்றால், வருடத்துக்கு ஒருமுறை சம்பளத்தில் தொழிலாளர் நல நிதி என்று ஒரு சின்னத் தொகை பிடித்திருக்கிறார்களா என்று பாருங்கள். பிடித்திருந்தால், தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் இருக்கும் தமிழ்நாடு தொழிலாளர் நல வாரியத்தில் பிள்ளைகளின் படிப்புக்கு உதவி கேட்கலாம். முன்னாள் ராணுவத்தினரின் பிள்ளைகளுக்குத் தனித் திட்டங்கள் உண்டு. அப்பா அம்மா என்ன வேலை செய்கிறார்கள் என்பதை ஒரு விண்ணப்பத் தகுதியாக யாரும் நினைப்பதே இல்லை.

தோழிகள் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது. முதல் ஆண்டில் மட்டுமே திறக்கும் திட்டங்கள் நிறைய. பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்துக் கொடுக்கும் மத்திய அரசின் கல்லூரி மாணவர் உதவித்தொகை, தொழில்நுட்பப் படிப்பில் சேரும் பெண்களுக்கான பிரகதி, ரிலையன்ஸ் அறக்கட்டளையின் இளநிலை உதவித்தொகை, சென்னைப் பல்கலைக்கழகத்தின் இலவசக் கல்வித் திட்டம் எல்லாம் அப்படித்தான். நீங்கள் அனுப்பிய 14 விண்ணப்பங்களில் எத்தனை இந்த வகை என்று எடுத்துப் பாருங்கள். நிறைய இருக்கும் என்று நினைக்கிறேன். உங்களுக்குத் தகுதி இல்லை என்று அர்த்தம் இல்லை. கதவு வேறு ஆண்டுக்காரர்களுக்கானது, அவ்வளவுதான்.

இரண்டாம், மூன்றாம் ஆண்டு மாணவர்களையும் சேர்த்துக்கொள்ளும் தனியார் உதவித்தொகைகளில் இரண்டை உங்களுக்குச் சொல்வேன். எச்.டி.எஃப்.சி. வங்கியின் பரிவர்த்தன் திட்டத்தில், முந்தைய தேர்வில் 55 சதவீதமும் குடும்ப வருமானம் 2.5 லட்சத்துக்குள்ளும் என்ற நிபந்தனையில், பி.காம். போன்ற பொதுப் பட்டப்படிப்புக்குக் கடந்த ஆண்டுகளில் 30,000 ரூபாய் கொடுத்திருக்கிறார்கள். டாடா கேபிடலின் பங்க் திட்டம் 60 சதவீத மதிப்பெண் கேட்கிறது, கட்டணத்தில் ஒரு பகுதியைத் தருகிறது. இரண்டுக்கும் உங்கள் 71 சதவீதம் போதும். இரண்டும் பட்டி ஃபார் ஸ்டடி (Buddy4Study) என்ற தளத்தில் வருகின்றன, விண்ணப்பிக்கப் பணம் கேட்பதில்லை. இந்த ஆண்டுக்கான தேதியை அங்கேயே பாருங்கள். முடிந்துவிட்டிருந்தால் ஃபைலைத் தயாராக வைத்திருங்கள், அடுத்த முறை திறக்கும் முதல் வாரமே போட்டுவிடலாம்.

அவற்றில் "உங்கள் குடும்பச் சூழலை விளக்குக" என்று ஒரு கட்டம் இருக்கும். "நாங்கள் மிகவும் ஏழ்மையான குடும்பம், தயவு செய்து உதவுங்கள்" என்று எழுதாதீர்கள். எல்லாரும் அதைத்தான் எழுதுகிறார்கள். எனக்கு எழுதிய மாதிரியே எழுதுங்கள். அப்பாவுக்கு வண்டிச் செலவு போகக் கையில் எவ்வளவு நிற்கிறது, அம்மாவுக்கு இரண்டு வீட்டுச் சம்பளம் எவ்வளவு, வாடகை எவ்வளவு, நகைக்கடனில் எவ்வளவு பாக்கி, அடுத்த கட்டணம் எந்தத் தேதி. உங்கள் கடிதத்தில் "இனி வைக்க எதுவும் இல்லை" என்று ஒரு வரி வருகிறதே, அது என்னை ரொம்ப நேரம் யோசிக்க வைத்தது. அந்த நேர்மை போதும். நகை அடகு ரசீதின் நகலையும் சேர்க்க இடம் இருந்தால் சேருங்கள். வேறு பெரிய உதவித்தொகை வாங்குகிறீர்களா என்று கேட்டால் உள்ளதைச் சொல்லுங்கள். ஒரே கட்டணத்துக்கு இரண்டு இடத்தில் வாங்குவதைப் பெரும்பாலான விதிகள் அனுமதிப்பதில்லை, பின்னால் தெரிந்தால் இரண்டும் போய்விடும்.

அந்த 499 ரூபாயைப் பற்றி வருத்தப்படாதீர்கள், ஆனால் இனிமேல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். உண்மையான உதவித்தொகை பதிவுக் கட்டணம் கேட்காது. அங்கே வங்கி விவரமோ ஓ.டி.பி.யோ கொடுத்திருந்தால் உடனே 1930 என்ற சைபர் குற்றப் புகார் எண்ணுக்கு அழைத்துப் புகார் பதியுங்கள், வங்கியிலும் சொல்லுங்கள். இன்னொன்று, பிரவுசிங் சென்டரில் விண்ணப்பம் போடும்போது அவசரத்துக்கு அவர்களுடைய ஃபோன் நம்பரையோ மின்னஞ்சலையோ போட விடாதீர்கள். அடுத்த வருடம் புதுப்பிக்கும்போது ஓ.டி.பி. அந்த நம்பருக்குப் போகும். கடையே மூடியிருக்கும். இதனாலேயே கிடைத்துக்கொண்டிருந்த உதவித்தொகையைத் தவறவிட்ட ஒரு மாணவனோடு நான் இரண்டு மாதம் அலைந்திருக்கிறேன்.

இத்தனையும் செய்த பிறகும் பள்ளம் இருக்கலாம். இருந்தால் அந்தப் பள்ளத்தின் அளவுக்கு மட்டும், வங்கியில் கல்விக் கடன் கேளுங்கள். வித்யாலட்சுமி தளம் வழியாக விண்ணப்பிக்கலாம். 4 லட்சம் ரூபாய் வரை சொத்து அடமானம் கேட்கக் கூடாது, பெற்றோர் உடன் கையெழுத்துப் போட்டால் போதும். படிப்பு முடிந்து ஒரு வருடம் வரை தவணை கட்ட வேண்டியதில்லை. மூன்று ரூபாய் வட்டி என்பது வருடத்துக்கு 36 சதவீதம். வங்கி வட்டி ஏறக்குறைய 10 சதவீதத்தை ஒட்டி இருக்கும். சின்னத் தொகை என்று கிளையில் தட்டிக்கழிக்கப் பார்ப்பார்கள், எழுத்தில் காரணம் கேளுங்கள். கடன் வேண்டாம் என்ற உங்கள் எண்ணத்தை நான் மதிக்கிறேன். ஆனால் வேறு வழியில்லாமல் வாங்கத்தான் வேண்டும் என்றால், அது அப்பாவின் தலையில் மாதாமாதம் ஏறும் கடனாக இருக்க வேண்டாம்.

உங்கள் தம்பியை மறந்துவிடாதீர்கள். நீங்கள் தவறவிட்ட முதல் ஆண்டுக் கதவுகளில் பல அவனுக்கு இன்னும் ஆறேழு மாதத்தில் திறக்கப் போகின்றன. அவனுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் உண்டு, 2024 ஆகஸ்டில் தொடங்கிய திட்டம். பொறியியல், மருத்துவம், சட்டம், வேளாண்மை என்று கலந்தாய்வில் போனால், அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டில் இடம் கிடைத்தால் படிப்புக் கட்டணம், விடுதிக் கட்டணம் எல்லாவற்றையும் அரசே ஏற்கிறது. பி.ஏ., பி.எஸ்சி., பி.காம். என்று போனால் முதலில் அரசுக் கல்லூரி, இல்லாவிட்டால் உதவி பெறும் பிரிவு என்று வரிசை போட்டு விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். வியாசர்பாடியில் டாக்டர் அம்பேத்கர் அரசு கலைக் கல்லூரி பக்கத்திலேயே இருக்கிறது. பிளஸ் டூ முடிவு வந்த சில நாட்களுக்குள் சென்னைப் பல்கலைக்கழக இலவசக் கல்வித் திட்டத்துக்கு விண்ணப்பம் போட வேண்டும், காலம் மிகக் குறைவு. நல்ல மதிப்பெண் எடுத்து மேல் 20 சதவீதத்துக்குள் வந்தால், மத்திய உதவித்தொகையில் இளநிலை மூன்று வருடமும் ஆண்டுக்கு 12,000 ரூபாய் கிடைக்க வாய்ப்புண்டு. குடும்ப வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். அவனுடைய ஆதாரில் பெயர், ஃபோன் நம்பர், வங்கி சீடிங் மூன்றையும் அரையாண்டு விடுமுறையிலேயே சரிபார்த்து வையுங்கள்.

இந்த வாரம் நீங்கள் செய்ய வேண்டியது நான்கு வேலை. மை ஆதாரில் வங்கி எது என்று பார்ப்பது, யூமிஸ் பொறுப்பாசிரியரைச் சந்திப்பது, இ-சேவையில் வருமானச் சான்றிதழுக்குப் போடுவது, முதல்வருக்குக் கடிதம் கொடுப்பது. மை ஆதாரில் எந்த வங்கி காட்டியது, முதல்வர் எத்தனை தவணைக்குச் சம்மதித்தார் என்ற இரண்டையும் எனக்கு எழுதுங்கள். ஆதார் எண்ணையோ கணக்கு எண்ணையோ எழுத வேண்டாம். அந்த இரண்டு பதிலும் தெரிந்தால், ஐந்தாம் செமஸ்டருக்கு எவ்வளவு பள்ளம் மிஞ்சும் என்று உங்களோடு சேர்ந்தே கணக்குப் போடுகிறேன்.